இரண்டு முடி ஆழம்

புதுக் கருவி வந்து இறங்கிய அன்று ஆய்வகத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. மூன்று பெட்டிகள், ஆறு ஆட்கள், கதவைக் கழற்றினால்தான் உள்ளே போகும் என்ற நிலைமை. அதற்கென்று தனி அறை, தனிக் குளிர்சாதனம், அசையாத மேசை. உடைந்த நாற்காலிக்கு மாற்றுக் கேட்டு வருஷக்கணக்காக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வயிறு எரியுமா, எரியாதா? அன்றைக்கே அதற்குப் 'புது மருமகள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மருமகளுக்குத் தூசி ஆகாது, வெளிச்சம் ஆகாது, அதிர்வு ஆகாது. பக்கத்து அறையில் யாரும் பலமாகத் தும்மக்கூடக் கூடாது.

மெழுகக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அங்கே எல்லோருக்கும் அவள் மெழுகக்கா. நோயாளியின் உடம்பிலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து உறையவைத்தால் அதற்குப் பெயர் பிளாக். அந்த பிளாக்கைக் கைச்சக்கரம் வைத்த வெட்டுக் கருவியில் மாட்டி, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றித் தருவது அவள் வேலை. மெல்லிசு என்றால் ஏதோ வெங்காயம் அரிகிற மெல்லிசு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தலைமுடியின் கனத்தைப் பதினெட்டுப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. இருபத்தாறு வருஷமாகச் சக்கரம் சுற்றிய கை அது. டாக்டரம்மா நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, புற்றுநோய் உண்டு, இல்லை என்று எழுதுவதெல்லாம் இவள் சீவிக் கொடுத்ததைப் பார்த்துத்தான். சீவாமல் மெழுகுக்குள்ளேயே தங்கிவிட்ட மிச்சத்தில் என்ன இருந்தது என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று அதுவரை எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

"இனிமே நமக்கும் தெரியும்க்கா" என்றார் ஒளிக்காரர். கருவியை நிறுவ வந்து, அதோடு தங்கிவிட்ட விஞ்ஞானி அவர். எதைக் கேட்டாலும் கையை விரித்து விளக்காமல் விடமாட்டார். "வெட்டவே வேண்டாம். மெழுக கரைச்சு எடுத்துட்டு, துணுக்குக்குச் சாயம் ஏத்தி, ஒரு திரவத்துல ஊறப்போட்டா கண்ணாடியாட்டம் தெளிஞ்சிரும். பக்கவாட்டுல தாள் கனத்துக்கு ஒரு வெளிச்சத்த உள்ள விடுவோம். அது மேலேருந்து கீழ வரைக்கும் நகர்ந்துகிட்டே போகும். ஒவ்வொரு அடுக்கா படம் எடுத்து மொத்தமா சேத்துக்குவோம். ஒரு துளி மிச்சம் வைக்காம பாத்துரலாம்."

"அப்ப எனக்கு மாலையப் போட்டு வீட்டுக்கு அனுப்பிரலாம்னு சொல்லுங்க."

"ஐயோ, நீங்க இல்லாம இந்த மெழுக யாரு எடுக்கறது?"

"பாத்தீங்களா, மருமக வந்தாலும் சமையக்கட்டு நம்ம தலைலதான்" என்று அவள் சொல்ல, அறையே சிரித்தது.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா ஒரு பட்டியலைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். ஓய்வு பெற ஒன்றரை வருஷமே பாக்கியிருந்த மனுஷி. வாய் கொஞ்சம் நீளம், மனசு அவ்வளவு மோசமில்லை.

"இருபத்துநாலு நம்பர் இருக்கு. எல்லாம் பழைய பிளாக்கு. கிடங்குல தேடி எடுத்துக் குடு. பேரெல்லாம் எடுத்தாச்சு, வெறும் நம்பர்தான்."

"எதுக்கு டாக்டர்?"

"நாம 'ஒண்ணுமில்ல'ன்னு எழுதி அனுப்பி, ரெண்டு வருஷத்துக்குள்ள நோயோட திரும்பி வந்தவங்க. துணுக்குக்குள்ள இருந்தத நாம பாக்காம விட்டோமா, இல்ல ஊசியே சரியான எடத்துல குத்தலையா, மருமக சொல்லட்டும். யாரையும் கூண்டுல ஏத்தறதுக்கு இல்ல. அடுத்தவங்களுக்காவது தப்பாம இருக்கட்டும்."

பதினேழாவது வரியில் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு இருந்தது.

மெழுகக்காவுக்குத் தன் தொலைபேசி எண்ணே சமயத்தில் மறந்துபோகும். இந்த எண் மறக்காது. அது அவள் தங்கையின் எண். அக்காவுக்கு அவள் சிட்டு.

நாலரை வருஷத்துக்கு முன்னால், மார்பில் கடலையளவு ஒரு கட்டி என்று சிட்டு வந்தாள். ஊசியால் குத்தித் துணுக்கு எடுத்தார்கள். சொந்தக்காரர் துணுக்கு வந்தால் அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது ஆய்வகத்தில் வழக்கம். எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனாலும் எல்லோரும் மதிப்பார்கள். அவள் மதிக்கவில்லை. அடுத்த மேசைக்காரி அவசரக்காரி, வெட்டும்போதே பேசுகிறவள். அவளிடம் சிட்டுவைக் கொடுக்க மனசு வரவில்லை. சத்தம் போடாமல் தட்டை மாற்றி வைத்துக்கொண்டாள், சிட்டுவிடம் மட்டும் சொன்னாள்.

செய்ய வேண்டியது இதுதான். மேலாகக் கொஞ்சம் சீவி, முதல் ஸ்லைடு. பிறகு சக்கரத்தை வேகமாகச் சுற்றி, ஆழமாகச் சீவித் தள்ளிவிட்டு, இரண்டாவது ஸ்லைடு. இன்னும் ஆழமாகப் போய் மூன்றாவது. மூன்று ஆழத்தில் பார்த்தால் ஒன்றில் இல்லாவிட்டாலும் இன்னொன்றில் அகப்படும் என்பது கணக்கு. நடுவில் சீவித் தள்ளுவது குப்பைக் கூடைக்குப் போகும். ஊரார் உடம்பையெல்லாம் அப்படித்தான் இருபது வருஷத்துக்கு மேலாகக் கூசாமல் தள்ளியிருக்கிறாள்.

அன்றைக்கு முதல் ஸ்லைடு எடுத்தாள். பிறகு சக்கரத்தில் கை வைத்தவள் சுற்றவில்லை. தீக்குச்சி மாதிரி ஒரு துணுக்கு. சின்ன வயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்த பெண்ணின் சதை. அதைக் குப்பைக் கூடையில் தள்ள அவளால் முடியவில்லை. பின்னால் வேறு சோதனை தேவைப்பட்டால் துணுக்கு மிச்சமிருக்க வேண்டாமா என்று ஒரு சமாதானமும் கைகொடுத்தது. அந்தச் சமாதானம் பொய்யும் இல்லை, அப்படி மிச்சம் பிடிப்பது உண்டு. அதே இடத்திலிருந்து இன்னும் இரண்டு சீவல் எடுத்து ஒட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி அனுப்பிவிட்டாள். மூன்றும் ஒரே ஆழம்.

டாக்டரம்மா ஒன்றுமில்லை என்று எழுதினார். அக்கா தங்கை இருவரும் ஆய்வக வாசலில் கட்டிப்பிடித்து அழுதார்கள், சந்தோஷத்தில். பதினோரு மாதம் கழித்து சிட்டுவுக்கு இடுப்பெலும்பு வலித்தது. அதற்குள் நோய் எலும்புக்குப் போயிருந்தது. அதற்கடுத்த வருஷம் அவள் இல்லை.

அந்த மூன்று ஸ்லைடை மெழுகக்கா எத்தனை ராத்திரி நினைத்திருப்பாள்! ஆனால் ஒரு நாளும் கிடங்குக்குப் போய் அந்த பிளாக்கை எடுத்துப் பார்த்ததில்லை. ஊசி சரியான இடத்தில் குத்தவில்லை, துணுக்கில் எதுவுமே இருந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லப் பாதி நம்பிக்கையும் வந்துவிட்டது. மறுபாதிதான் வரவே இல்லை.

கிடங்கில் இழுப்பறையை இழுத்தாள். பிளாக் இருந்த இடத்தில் இருந்தது. அதை எடுத்து வேலைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு, பட்டியலில் பதினேழாவது வரிக்கு எதிரே 'கிடைக்கவில்லை' என்று எழுதினாள்.

"ஒண்ணுதானே, போகட்டும்" என்றார் டாக்டரம்மா. அத்தனை வருஷத்தில் ஒரு பிளாக் காணாமல் போவது பெரிய விஷயமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை வீடு என்றே இன்னும் வாயில் வருகிறது. அங்கே இருப்பது தங்கையின் கணவர் ஒருவர் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் பேச ஆள் கிடையாது. அவருக்கு எதையும் லேமினேட் செய்கிற பழக்கம் ஒன்று உண்டு. வண்டியின் வழித்தட அட்டை, கேஸ் புத்தகத்தின் முதல் பக்கம், கல்யாணப் பத்திரிகை. 'சும்மா உக்காந்திருந்தா என்னையும் உறையில போட்டு ஒட்டிருவார்க்கா' என்று சிட்டு சிரிப்பாள். ஒன்றுமில்லை என்று வந்த அந்த ரிப்போர்ட்டையும் அன்றைய சந்தோஷத்தில் லேமினேட் செய்து வைத்திருந்தார். இப்போது அது சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை, ஆறிடும்."

"கடைசி வரிய படிங்கக்கா" என்றார் அவர், நூறாவது தடவையாக. "'கட்டி தொடர்ந்தால் மூன்று மாதத்தில் மறுபரிசோதனை.' படிச்சுப் படிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. மூணாவது மாசம் வலிக்குதுன்னு சொன்னா. நான்தான், ஒண்ணுமில்லன்னு வந்திடுச்சுல்ல, சும்மா தொட்டுத் தொட்டுப் பாக்காதன்னு சொன்னேன். பரீட்சை நேரம், வேனுக்கு மாத்து டிரைவர் கிடைக்கல. ஒரு நாள் லீவு. ஒரே ஒரு நாள் லீவு போட்டிருந்தா அவ இருந்திருப்பா. நான்தான் கொன்னேன்."

"விடுங்க மாப்பிள்ளை. விதி" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் தலையில் அடித்துக்கொள்வார், இவள் விதி என்பாள், பிறகு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ் ஏறுவாள். அந்த மனுஷன் மூன்று வருஷமாகக் கட்டிலில் படுக்காமல் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார். சுமை யாருடையது என்றுகூடத் தெரியாமல் தூக்கிக்கொண்டு திரிகிறார். தெரிந்துகொள்ள வழியிருந்தும் அதை அவள் கோட்டுப் பையில் போட்டு மறைத்து வைத்திருக்கிறாள். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

பிளாக்கில் ஒன்றுமில்லை என்று வந்தால் அவள் பிழைத்தாள், அவர் கதி அதே கதிதான். இருக்கிறது என்று வந்தால் பழி இவள் தலைக்கு வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதை வேண்டிக்கொள்வது என்று யோசித்துப் பார்த்தாள். எதையும் வேண்டிக்கொள்ளாமலே இறங்கினாள்.

திங்கட்கிழமை பிளாக்கைக் கொண்டுபோய் மற்ற இருபத்துமூன்றோடு வைத்தாள். கிடைக்கவில்லை என்று எழுதியதைக் கோடு போட்டு அடித்தாள். அதற்கு மெழுகு எடுத்ததும் அவள்தான், சாயம் ஏற்றியதும் அவள்தான். திரவத்தில் போட்ட மூன்றாம் நாள் துணுக்கு தெளிந்து, குப்பிக்குள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் ஆனது. குப்பியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மருமகள் அறையில் விளக்கை அணைத்துவிட்டு மூவரும் திரையின் முன் உட்கார்ந்தார்கள். ஒளிக்காரர் பொத்தானைத் தட்ட, துணுக்கு திரையில் முழுசாக எழுந்து வந்தது. வழக்கமான ஸ்லைடின் ஊதாவும் ரோஜா நிறமும்தான். ஆனால் இது தட்டையாகப் படுத்திருக்கவில்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி, அவர் திருப்பத் திருப்பத் திரும்பியது. பால் குழாய்கள் கிளை பிரிந்து போவதுகூடத் தெரிந்தது. நாலரை வருஷம் கழித்துத் தங்கையைப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டாள்.

"இதோ, மேல தட்டையா இருக்கே, இதுதான் அன்னைக்கு வெட்டின முகம்" என்றார் ஒளிக்காரர். "இங்கேருந்து ஒவ்வொரு அடுக்கா கீழ போறேன்."

கொழுப்பு. நார். நல்ல குழாய். மறுபடி கொழுப்பு. அவளுடைய பாதி நம்பிக்கை முக்கால் நம்பிக்கையாக ஏறிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு மூலையில் செல்கள் நெருங்க ஆரம்பித்தன. அடுத்த அடுக்கில் இன்னும் நெருங்கின. பெரிது பெரிதாக, கன்னாபின்னாவென்று, குழாயின் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. டாக்டரம்மா வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த கண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இருக்கு" என்றார் டாக்டரம்மா. "மேலேருந்து எவ்வளவு ஆழம்?"

"நூத்தம்பது மைக்ரான். ரெண்டு தலைமுடி கனம்."

பதினைந்து சுற்று. முரட்டுச் சீவலுக்கு ஒரு சுற்றுக்குப் பத்து மைக்ரான். பதினைந்து சுற்று சுற்றியிருந்தால் இரண்டாவது ஸ்லைடிலேயே வந்திருக்கும். அரை நிமிஷ வேலை.

டாக்டரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு திரைக்கு இன்னும் கிட்டே போனார். "மூணு ஆழம் வெட்டியிருந்தா கால்வாசியாவது கொறஞ்சிருக்கணுமே. இது முழுசா இருக்கு. யாரு வெட்டினது இத?"

"நான்தான் டாக்டர். மூணும் ஒரே எடத்துல எடுத்தேன். அது என் தங்கச்சியோடது."

ஒளிக்காரர் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"மூணு ஸ்லைடும் அச்சு அசலா ஒண்ணாத்தான் இருந்துது" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "இப்ப ஞாபகம் வருது. வேற யாராவது வெட்டியிருந்தா கூப்பிட்டு, திரும்ப வெட்டுடின்னு கத்தியிருப்பேன். நீ வெட்டினதுங்கறதால விட்டுட்டேன். இத நான் எழுத்துல குடுக்கணும். உன் பேரும் வரும், என் பேரும் வரும். வேற வழியில்ல."

"வரட்டும் டாக்டர்."

"வீட்டுக்குச் சொல்லப் போறியா?"

"ஆமா."

மறுநாளே போனாள். ஏதோ சனிக்கிழமை வகுப்பு என்று வேன் ஓடிக்கொண்டிருந்தது, மூன்றரை மணிக்குத் திரும்ப எடுக்க வேண்டும். நடுவில் அவர் வீட்டில் இருந்தார். அவள் சாப்பாடு கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்ததுமே அவர் எழுந்து நின்றுவிட்டார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பூசி மெழுகவில்லை. தட்டை மாற்றி வைத்ததையும், சக்கரத்தைச் சுற்றாததையும், ஒன்று இரண்டு மூன்று என்று பொய்யாக எழுதியதையும் சொன்னாள். இரண்டு முடி ஆழத்தில் அது இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். "நீங்க கொல்லல மாப்பிள்ளை. முதல் தப்பு என்னோடது. நான் ஒழுங்கா வெட்டியிருந்தா, அந்த மூணாவது மாசப் பேச்சுக்கே எடமிருந்திருக்காது. இத்தன நாளும் உங்கள அழவிட்டு வேடிக்க பாத்தேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரிப்போர்ட்டை எடுத்து இரண்டு கையாலும் கிழிக்கப் பார்த்தார். லேமினேட் செய்தது, கிழியவில்லை. வளைந்து வளைந்து நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் போராடிவிட்டு மேசையிலேயே போட்டார்.

"அப்ப அவ சொன்னது நெசம்" என்றார். "உள்ள என்னமோ இருக்குன்னு அந்த மூணாவது மாசம் சொல்லிக்கிட்டே இருந்தா. நெசமாவே இருந்திருக்கு."

"ஆமா."

அவர் அவளைப் பார்க்கவில்லை. குரலில் கோபமும் இல்லை. எங்கோ ஞாபகத்தில் தட்டுப்பட்டதை எடுத்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"உங்ககிட்ட இத சொன்னதில்லக்கா. லீவு கிடைக்கலதான். ஆனா அந்த வார ஞாயித்துக்கிழம நான் கூப்பிட்டேன். அவசரப் பிரிவுலயாவது காட்டிட்டு வந்துரலாம், கிளம்புன்னேன். அவதான் வரல. ரிப்போர்ட்டக் கையில வச்சுக்கிட்டு, 'இங்க பாருங்க, மூணு ஆழத்துல பாத்திருக்காங்க, எங்கக்கா கையால வெட்டினது, எங்கக்கா வெட்டினா தப்பாது'ன்னா. அதோட நிறுத்திட்டா. அப்புறம் எலும்புக்குப் போற வரைக்கும் வலின்னு ஒரு வார்த்த சொல்லல."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டார்.

"புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும். போகும்போது கதவச் சாத்திட்டுப் போங்க."

வேன் கிளம்பிப் போகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. மெழுகக்கா அந்த ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்தாள். 'மூன்று ஆழங்களில் வெட்டிப் பார்க்கப்பட்டது' என்ற வரியின் அடியில், உறைக்கு உள்ளே, பால்பாயிண்ட் பேனாவால் சின்னதாக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் 'அக்கா' என்று எழுதியிருந்தது. சிட்டுவின் கையெழுத்து. லேமினேட் செய்வதற்கு முன்னாலேயே எழுதியிருக்கிறாள். நூறு ஞாயிற்றுக்கிழமை அவர் அதை நீட்டியும், கடைசி வரிக்கு மேலே இருந்ததை அவள் ஒரு தடவைகூடப் படிக்கத் துணிந்ததில்லை.

அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள். பிளாஸ்டிக் வழவழப்புதான் தட்டுப்பட்டது. அவர் திரும்பி வருவதற்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை.